கொழும்புக்குப் போன கைரேகை

ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலுத்தாய் வாயைத் திறந்தால் அத்தனை சுளகும் நின்றுவிடும். அன்றைக்கு அவள் யாரிடமும் பேசவில்லை. தம்பி காசிமாயன் இலங்கையிலிருந்து போட்ட கடுதாசியை இடுப்பில் சொருகிக்கொண்டு நேரே முதலாளி ராஜாராமின் அறைக்குள் போய் நின்றாள்.

சங்கதி இதுதான். அந்த ஐம்பத்திரண்டாம் வருஷம் இலங்கையிலும் தேர்தல். தேயிலை மலையை வெட்டித் திருத்திய நம் சனத்துக்கு ஓட்டே கிடையாது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். போடியில் ராஜாராம் ஒரு கமிட்டி கூட்டினார். அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள் எல்லாரும் கொழும்பு சர்க்காருக்குக் கடுதாசி போட வேண்டும், குவியக் குவியப் போனால்தான் உறைக்கும் என்றார். நல்ல காரியம்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தை மாதம்தான் வேலுத்தாய் முதல் தடவையாக ஓட்டுப் போட்டிருந்தாள். தம்பிக்கும் அந்த மரியாதை வேண்டாமா? முதல் ஆளாகப் போய்க் கட்டைவிரலை உருட்டினாள்.

"யாருக்காக எழுதுறோம், சொல்லுத்தா" என்று குமாஸ்தா திருப்பதி கேட்டார்.

இலங்கைக்குக் கடுதாசி போட்டுப் பழகிய எந்தப் பெண்ணும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். தோட்டத்தின் பேர், டிவிசன், ஆள்கட்டும் கங்காணி பேர், வரிசையாகக் கட்டிய லயம், அதில் அவன் குடியிருக்கும் அறையான காம்பராவின் நம்பர். ஒன்று குறைந்தாலும் அந்த மலைகளில் கடுதாசி போய்ச் சேராது என்பதால் எல்லாருக்கும் அது மனப்பாடம். இது தம்பிக்குப் போகிற கடுதாசி இல்லையே, இதற்கு எதற்கு இத்தனை அடையாளம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திருப்பதியும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

கொழும்புக்குப் போன கடுதாசி அங்கிருந்து தோட்டத்துத் துரையின் மேசைக்கு வந்துவிட்டது. துரை கங்காணியைக் கூப்பிட்டார், கங்காணி காசிமாயனைக் காட்டினான். வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். 'அக்கா, நீ நல்லது நெனச்சுத்தான் செஞ்சிருப்ப. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னு மட்டும் தெரியல' என்று எழுதியிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தக் கடுதாசியைத் திருப்பதி படித்து முடித்ததும் ராஜாராமின் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது!

"ஆத்தா, இதுதான் நமக்கு வேணும். ஓட்டு இல்லேன்னு எழுதுனது பத்தாது, வயித்துல அடிக்கிறான்னு எழுதுவோம். வெரசா இன்னொரு ரேகை வையி."

மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். வேலுத்தாய் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"மொதக் கடுதாசில ஒங்க கையெழுத்து எங்க இருக்கு மொதலாளி?"

அவர் திருப்பதியைப் பார்த்தார். திருப்பதி கூரையைப் பார்த்தார்.

"நான் தூத்துக்குடி வழியா கொழும்புக்கு மொளகா வத்தலும் அனுப்புறவன். எம்பேரப் போட்டா மூட்டைய எவன் எறக்குவான்?"

"அப்ப, பேரு போட்டாக் கேடு வரும்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. வத்தலக் காப்பாத்திக்கிட்டீங்க. எந்தம்பிய?"

"பொதுக்காரியம்னா நாலு பேருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும்."

"அந்த நாலு பேருல நீங்களும் ஒருத்தரா நில்லுங்க. நானும் நிக்கிறேன்."

"போய்ச் சோலியப் பாரு" என்றார் ராஜாராம்.

அவள் கொட்டகைக்குத் திரும்பவில்லை. தபாலாபீஸ் வாசலில் காசுக்குக் கடுதாசி எழுதும் சோலையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கொழும்பு சர்க்காருக்கே இன்னொரு கடுதாசி; அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"எந்தம்பிக்கு மொதக் கடுதாசி சங்கதியே தெரியாது. எழுத வச்சவரு போடிநாயக்கனூரு ஏலக்காய் யாவாரி ராஜாராம். ரேகை வச்சவ நான். கேக்குறத எங்க ரெண்டு பேருகிட்டக் கேளுங்க. அவன் இருக்குற காம்பராவ விட்டு எறக்காதீங்க. ஓட்டும் குடுங்க, அத நான் விடல."

சோலையின் பேனா நின்றது. "மொதலாளி பேரையா போடச் சொல்ற? நாளைக்கே ஒன்னயக் கொட்டகைய விட்டு வெரட்டிருவாரு, தெரியும்ல?"

"வெரட்டட்டும். குரங்கணி மேல ஏறுனாலும் ஏலக்காடு, போடிமெட்டு ஏறுனாலும் ஏலக்காடு. எனக்கு எவன் காட்டுலயாவது காயெடுக்குற சோலி கெடைக்கும். அவனுக்கு அந்த ஒரு மலதானண்ணே இருந்துச்சு. எழுதுங்க."