பதினெட்டு முட்டைகளின் தேதி

ஜூலை 16, புதன்

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. 'விறகுக் கொட்டகையின் கொக்கியை மாட்டினேன்' என்று எழுதியிருக்கிறேன். மாட்டவில்லை.

வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். மாலை வகுப்பு ஆசிரியை கோடை விடுமுறைக்குக் கொடுத்த வேலை, தினமும் ஒரு பக்கம், நடந்ததை மட்டும் எழுதுவது. நான் எங்கள் தீவின் சிறு நகரமான ஹேனோனில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்ததும், மூன்று மணிக்கு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில்தான் வீடு மிகவும் சத்தமில்லாமல் இருக்கும். எழுதினால் யாரிடமோ பேசுவது போல இருக்கும். மாலையில் செய்யப்போவதையும் செய்ததாகவே எழுதிவிடுவேன். எப்படியும் தினமும் அதேதான்: வாத்துத் தொட்டியில் தண்ணீர் மாற்றினேன், முட்டை எடுத்தேன், தேதி போட்டேன், கூட்டை அடைத்தேன், கொக்கியை மாட்டினேன்.

பண்ணை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். பதினோரு கோழி, ஒரு சேவல், நான்கு வாத்து, இரண்டு பாத்தி உருளைக்கிழங்கு. எல்லாம் அம்மா ஆசைப்பட்டு வைத்தது. இந்தக் கோடையில் அவள் நார்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருக்கிறாள். அக்கா டீசா வடக்கே படிக்கிறாள். அப்பா மூன்று வருஷமாக வேறு வீட்டில் இருக்கிறார். ஜூன் பாதியிலிருந்து இங்கே நான் மட்டும்தான்.

எங்கள் கோழிகள் இந்தத் தீவுக்கே உரிய பழைய இனம், கருப்பில் வெள்ளைப் புள்ளி. இந்த இனம் அழியாமல் காக்கும் சங்கத்தில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வேற்றுச் சேவல் எதுவும் இவற்றோடு சேரக் கூடாது. சேர்ந்துவிட்டால் நான்கு வாரத்துக்கு அடை வைக்க யாருக்கும் முட்டை தரக் கூடாது. அந்தச் சேவலின் வித்து கோழியின் உடம்பில் அத்தனை நாள் தங்கலாம்.

அப்படியிருக்க, பக்கத்துப் பண்ணை மாய்வோர் தன் கோழிகளைப் பத்து நாள் வைத்துக்கொள்ளச் சொன்னபோது நான் ஏன் சரி என்றேன்? அவள் கோழிக்கூட்டில் சிவப்புப் பேன். கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காலியாகப் போட்டுவிட்டு, ஜெர்மனிக்குப் பஸ் சுற்றுலா போக வேண்டும். கேட்க வந்தவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்தாள். அதனால் சரி என்றேன். எட்டாம் தேதி அவள் ஐந்து கோழிகளும் கான்சல் என்ற கருப்புச் சேவலும் விறகுக் கொட்டகைக்கு வந்தன.

அந்தக் கதவு கொக்கி மாட்டாவிட்டாலும் தானாகச் சாய்ந்து மூடியது போல நிற்கும். இன்று கடைக்கு விடுமுறை போட்டிருந்ததால் காலை எட்டு மணிக்கு முற்றத்தில் இருந்தேன். கான்சல் கதவை மார்பால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. நேராக எங்கள் கோழிகளுக்கு நடுவே போய் நின்றது. எந்தக் கோழியும் திடுக்கிடவில்லை. எங்கள் சேவல், பாதிரி என்று பெயர், ஏணிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் கொண்டையில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. இன்று வந்த காயம் இல்லை.

கொக்கியை மாட்டினேன். இந்த முறை மாட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நிலவறையில் அடை வைக்கவென்று பொறுக்கி வைத்த பதினெட்டு முட்டை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பென்சிலில் தேதி, ஒன்பது முதல் பதினைந்து வரை. கான்சல் முதன்முதலில் எந்த நாளில் வெளியே வந்தது என்று தெரிந்தால், அதற்கு முந்தைய முட்டைகளைத் தைரியமாகத் தரலாம். டயரியைப் புரட்டினேன். ஏழு நாளும் 'கொக்கியை மாட்டினேன்' என்று ஒரே மாதிரி, சாய்வில்லாத கையெழுத்தில். ஒரு நாளைக்கூட நம்ப முடியவில்லை.

முட்டைகள் இல்வாவுக்கு. சனிக்கிழமை வருகிறாள்.

ஜூலை 17, வியாழன்

இல்வாவை நான் பார்த்ததில்லை. தீவுக்கு வெளியே, உட்டவல்லா ஊருக்கு அப்பால் இருக்கிறாள், வயது தெரியாது. இந்த இனத்தில் புதிதாக ஒரு கூட்டம் வளர்த்துச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று ஜூனில் போன் செய்தாள். முட்டையைப் பற்றிப் பேச ஐந்து நிமிஷம் போதும். நாற்பது நிமிஷம் பேசினோம். கொண்டை, தீனி, பருந்து, பிறகு நான் படிக்கும் மாலை வகுப்பு, டயரி. மாய்வோர் காபி குடித்த அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர, அதற்குப் பிறகு அவ்வளவு நேரம் நான் யாரோடும் பேசவில்லை. கடையில் பேசுவது ஆணி அளவு பற்றி.

அவள் கூட்டத்தில் ஒரே ஒரு கலப்புக் குஞ்சு இருந்தாலும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் கலப்பு. ஆக, சொல்ல வேண்டும். சொன்னால் அவள் வரமாட்டாள். நேற்றிலிருந்து இந்த இரண்டு வாக்கியத்தையும் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை.

வேலை முடிந்து அவளைக் கூப்பிடுவதற்குப் பதிலாக மளிகைக் கடைக்குப் போய் ஸ்ட்ராபெரியும் கிரீமும் வாங்கினேன். கேக் நான்கு பேருக்கான அளவில்தான் கிடைத்தது.

ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.

"சாப்டியாடா?"

"ம்."

"என்ன?"

"உருளைக்கிழங்கும் மீனும்."

"நேத்தும் அதான். உன்னைக் கீறினா ரத்தம் வராது, மாவுதான் கொட்டும். கோழிங்க எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"பாதிரி?"

"ஏணி மேல உக்காந்திருக்கு."

"ஏணி மேலயா? அதுக்கென்ன வந்துது, பிரசங்கமா?" சிரித்தாள். "சனிக்கிழமை அந்தப் பொண்ணு வரா இல்ல? மேஜைத் துணிய மாத்து. நீல கோடு போட்டது. வந்தவங்கள நிக்க வெச்சே அனுப்பிடாத, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு."

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இரு, இங்க மணி அடிக்குது. ஏழாம் நம்பர் ரூம் பெரியவரு. ஞாயித்துக்கிழமை பேசறேன், சரியா?"

நீலக் கோடு போட்ட துணியை எடுத்து விரித்தேன். அதில் மடிப்புத் தெரிந்தது. இஸ்திரி போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

மாய்வோர் நான்கு மணிக்கு வந்தாள், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து. கோழிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டோம். கான்சலை அவளே அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவ்ளோதானா? உன் மூஞ்சியப் பாத்து நரி வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"முட்டையெல்லாம் குடுக்க முடியாது, மாய்வோர்."

"ஏன் முடியாது? இவனும் கருப்பு, உன் கோழியும் கருப்பு. குஞ்சு என்ன, பாஸ்போர்ட் கையில வெச்சுக்கிட்டா பொறக்கப் போகுது?"

"புள்ளி சரியா வராது."

"பாதிக்கு வரும். வராதத சூப்புல போடச் சொல்லு." சேவலின் கழுத்தைத் தடவினாள். "கேட்டியாடா கான்சல், இவங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு நீ தரம் பத்தாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் உடனே கிளம்பவில்லை, பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. அம்மாவுக்கும் சொல்லாத, அந்தப் பொண்ணுக்கும் சொல்லாத. வரட்டும், காபி குடிக்கட்டும், போகட்டும். உனக்கும் ஒரு ஆள் வந்த மாதிரி இருக்கும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நான் ஆள் துணைக்கு ஏங்குவது ரோட்டைத் தாண்டி இருப்பவளுக்கே தெரிந்திருக்கிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது. தபால்காரருக்கும் தெரிந்திருக்கும்.

அவள் போனபின் நிலவறைக்குப் போய் முட்டைகளைத் திருப்பி வைத்தேன். தினமும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரு ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். திருப்பும்போது கவனித்தேன், கொடுக்கப்போகிறவன் போலத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு இல்வாவே கூப்பிட்டாள்.

"நாளைக்குப் பாலத்து வழியா வரட்டுமா, படகுலயா? கோடைல படகுக்கு வரிசை நிக்கும்னு சொல்றாங்க."

"பாலம்தான் நல்லது."

"சரி. நான் ஏலக்காய் பன் சுட்டு எடுத்துட்டு வரேன். உனக்கு ஏலக்காய் பிடிக்கும் இல்ல? என் அடைக்கோழி ஒரு வாரமா, முட்டைக்குப் பதிலா வெச்ச கோல்ஃப் பந்து மேல உக்காந்திருக்கு. பக்கத்துல போனா கையைக் கொத்துது. அதுக்குப் பொறுமை போச்சு, எனக்கும் போச்சு."

"ஏலக்காய் பிடிக்கும்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நாளை அவள் வந்திருப்பாள். "இல்வா, பக்கத்து வீட்டுச் சேவல் உள்ள வந்துடுச்சு."

அவள் வீட்டில் ரேடியோ ஓடுவது கேட்டது.

"எப்போ?"

"தெரியல."

"நாள் கூடவா தெரியல? நீதான் தினமும் டயரி எழுதறேன்னு சொன்னியே."

"எழுதினேன். நடக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்."

"புரியலயே."

விளக்கினேன். மூன்று மணி, மேஜை, கொக்கி. சொல்லும்போது இன்னும் முட்டாள்தனமாக இருந்தது. அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்போ பதினெட்டுல ஒண்ணுக்குக்கூட உறுதி சொல்ல முடியாது."

"முடியாது."

"சரி." ரேடியோவை யாரோ அணைத்தார்கள், அல்லது அவளே அணைத்தாள். "டால்ஸ்லாந்துப் பக்கம் இன்னொருத்தர் இதே இனம் வெச்சிருக்காரு. அவர்கிட்ட நாளைக்கு முட்டை இருக்கான்னு கேக்கறேன். கோழி இன்னும் நாலு வாரம் பந்து மேல உக்காராது பாரு."

"தெரியும்."

"மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னதுக்கு நன்றி." பிறகு, "டோர்கெல், குரலைக் கேட்டா நீ பெரிய ஆள் மாதிரி இருக்க. எத்தனை வயசு?"

"இருபத்திரண்டு."

"அட. நான் ஐம்பதுன்னு நெனச்சேன்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வருஷம் அவளுக்கு முட்டை தேவைப்படாது, டால்ஸ்லாந்துக் குஞ்சுகளே முட்டையிடும். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஜூலை 19, சனி

இப்போது மாலை ஏழு. வெயில் இன்னும் களஞ்சியத்தின் பாதிச் சுவர் வரை இருக்கிறது. வேலைகள் எல்லாம் முடிந்தன.

இல்வா வருவதாக இருந்தது பதினோரு மணிக்கு. பதினொன்றுக்குச் சாலையில் ஒரு கார் மெதுவாகப் போனது. சன்னலுக்குப் போனேன். படகு இழுத்துக்கொண்டு போகிற, கோடை விடுமுறைக்கு வந்தவர்கள்.

மதியம் முட்டைகளை மேலே கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்தேன். மஞ்சள் கருவின்மேல் மெல்லிய வெள்ளை வளையம் இருந்தால் கரு கூடியிருக்கிறது என்று அர்த்தம். பதினெட்டிலும் இருந்தது. யாருடையது என்று வளையத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதினோரு முட்டையை அடித்து டப்பாவில் ஊற்றிக் குளிரூட்டியில் வைத்தேன், மீதியில் அப்பம் சுட்டேன். ஓடுகளை நொறுக்கிக் கோழிகளுக்கே போட்டேன். பென்சில் எழுத்தோடு தின்றுவிட்டன.

கேக்கில் ஒரு துண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது துண்டை வெட்டிவிட்டு, வேண்டாம் என்று மூடி வைத்தேன். மேஜைத் துணியை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி பழைய மேஜை.

சொன்னது சரி என்று நினைக்கிறேன். சரியாகச் செய்தால் மனம் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இன்றைக்கு ஒருவர் வந்திருப்பார், வரவில்லை. அவ்வளவுதான் தெரிகிறது.

பாதிரி ஏணியிலிருந்து இறங்கிவிட்டது. கோழிகள் இன்னும் அதன் பக்கம் போகவில்லை.

நாளை, ஞாயிறு: காலையில் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும், அவள் கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது. அதன்பின் சங்கத்தின் படிவத்தை நிரப்ப வேண்டும். ஆகஸ்ட் 13 வரை எங்களிடம் அடைமுட்டை கிடையாது, காரணம் வேற்றுச் சேவல், நாள் தெரியாது.