பக்கத்துப் பெட்டியின் இழுப்பு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. சுவர் மெல்லியது, என் குற்றமில்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சாய்ந்த வெயில் ஜன்னலில்…’ வேண்டாம். வயிறு எரிந்து எழுதுகிற எனக்கு வெயில் எதற்கு?

பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி. இருவருக்கும் ஒரே ஆய்வகம். உடம்பிலுள்ள புரதங்களைக் கணினிக்குள் ஆடவிட்டுப் பார்க்கிற வேலை. அவளுக்கு நான் வைத்த பெயர் கணக்கம்மா. அவருக்கு வைத்ததை அச்சில் போட முடியாது.

2

(மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டபோது கணக்கம்மா சொன்ன விளக்கம்: புரதத்தைத் தண்ணீரோடு ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டிக்கு ஓரம் இருந்தால் கணக்கு கெடும். அதனால் நாலா பக்கமும் அதே பெட்டியின் நகல்கள், எங்கள் அடுக்குமாடி போல. புரதத்திலுள்ள மின்னூட்டத்தின் இழுப்போ வெகுதூரம் பாயும். பெட்டி சின்னதானால், அடுத்த பெட்டியிலுள்ள தன் நகலே புரதத்தைப் பிடித்து இழுக்கும்.)

அவள் கணவர் பெட்டியைச் சின்னதாக வைத்தார், சீக்கிரம் முடியுமாம். புரதம் தன் வாயை, அதாவது மருந்து போய் ஒட்டுகிற குழியை, திறந்தபடியே நின்றது. திறந்த வாய்க்குள் மருந்து நுழையும் என்று கட்டுரை எழுதிவிட்டார். கணக்கம்மா பெட்டியைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டினாள். வாய் மூடிக்கொண்டது.

3

இஸ்திரி மேஜைமேல் அவள் மடிக்கணினி.*

“ஏங்க, வாயைத் திறந்து பிடிச்சிருந்ததே பக்கத்துப் பெட்டிதாங்க.”

“கட்டுரையில சரிபார்த்தவங்கன்னு உன் பேரைப் போட்டாச்சு. ஒப்புதல் பட்டனை மட்டும் அழுத்து.”

“சரியில்லைன்னு சொல்றவ எப்படி அழுத்துறது?”

“ஊரே மெச்சுது, பொண்டாட்டிதான் முட்டுக்கட்டை!”

“இதை நம்பி மருந்து செய்யறவங்க வருஷக்கணக்கா அலைவாங்க. நோயாளி காத்துக்கிட்டுக் கிடப்பான்.”

[அவருக்கும் ஒரு நியாயம் கொடுக்க வேண்டுமாம், கதை என்றால். கொடுத்துப் பார்த்தேன்: ‘அவர் கெட்டவரல்லர், வெறும்…’ பேனா நகர மறுக்கிறது. அவரே வந்து எழுதிக்கொள்ளட்டும்.]

“மெதுவா பேசுடி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே! பக்கத்துல இருக்கறது ஒண்ணும் செய்யாதுன்னுதானே நீங்க கட்டுரையே எழுதியிருக்கீங்க?”

(இந்த வரி என்னுடையதல்ல. இப்படி எழுத வந்திருந்தால் நான் ஏன் சுவரில் காதை வைக்கிறேன்?)

* இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்கப் போனபோது பார்த்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

4

முடிவு ஒன்று: அவள் அழுத்துகிறாள், வீட்டில் அமைதி. எழுதிக் கிழித்தேன். முடிவு இரண்டு: அவர் திருந்துகிறார். பாதியிலேயே சிரித்துவிட்டேன். முடிவு மூன்று எழுத உட்கார்ந்தபோது அவர் குரல்:

“நீ அழுத்தலைன்னா போ. உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்.”

நாற்காலி இழுபடும் சத்தம். “அதைத் தொடாதீங்க!” என்கிறாள். அவள் பெயரில் அவர் விரல் அந்தப் பட்டனை அழுத்தப் போகிறது. நான் இங்கே நடையழகு பார்த்துக்கொண்டிருக்கவா?

சுவரில் ஓங்கித் தட்டினேன். அங்கே சத்தம் நின்றது.

ஒரு தட்டு போதாது. அந்த வீட்டுக்கு மறுபக்கமும் ஒரு சுவர் உண்டு. இவ்வளவு நேரமும் அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது நீங்கள்தானே?

தட்டுங்கள்.