இருபத்தெட்டாம் நாள் பேச்சு

எங்கள் கோட்ட அலுவலகத்தில் பொறியாளர்களின் பேச்சையும் கான்கிரீட்டைப் போலத்தான் சோதிப்பார்கள். இரும்பு அச்சுக்குள் குனிந்து பேச வேண்டும். மறுநாள் அது சதுரக் கட்டியாக இறுகியிருக்கும். பெயரும் தேதியும் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். உடையும்போது பேசியது கேட்கும். அதைக் கேட்டுத்தான் தேர்ச்சி. எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே குரல்தான்.

இந்த முறை தேறுபவருக்கு ஆற்றுப்பாலத்தின் பொறுப்பு. போட்டியில் இரண்டு பேர். ஆவுடையப்பனாகிய நான். இன்னொருவன் செண்பகராஜன், எனக்கு இளையவன்.

பாலத்தின் கணக்கு முழுவதும் நான் போட்டது. ஏழு வருட வேலை. செண்பகராஜனுக்கு வாய் இருக்கிறது. சாலைக்கு இடம் விடமாட்டோம் என்ற ஊர்க்காரர்களிடம் நான் வரைபடத்தைக் காட்டினேன். அவர்கள் அதைத் தின்றுவிட்டார்கள். அவன் போய்ப் பத்து நிமிடம் நலம் விசாரித்தான். வீடுகளை அவர்களே தூக்கி நான்கடி தள்ளி வைத்தார்கள். அவனுக்கு மீன்குழம்பும் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மீன்குழம்புக்காக அல்ல. கொஞ்சம் அதற்காகவும்தான்.

என் முறை வந்தபோது அச்சுக்குள் குனிந்தேன். தயார் செய்தது மறந்துவிட்டது. மனத்தில் கிடந்தது வந்துவிட்டது. அடுத்து அவன் சிரித்துக்கொண்டே பேசினான்.

இருபத்தேழாம் நாள் மதியம் தொட்டி அறைக்குப் போனேன். நடைவழி நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் இருந்தது. காலையில் பதினெட்டுதான். அவன் கட்டி வழவழவென்று இருந்தது. என்னுடையது தண்ணீருக்குள்ளேயே பொரிந்துகொண்டிருந்தது. பெயர்களைச் சுரண்டிவிட்டு மாற்றி எழுதினேன்.

மறுநாள் கண்காணிப்புப் பொறியாளர் ரெஜினா மேடம் வந்தார். முதலில் என் பெயர் போட்ட கட்டியை வைத்தார்கள். அது லேசில் உடையவில்லை. உடைந்தபோது அறை முழுக்கக் கேட்டது.

"இந்தப் பாலமே ஆவுடையப்பன் அண்ணாச்சியாலதான். அவுகள மாதிரி கணக்குப் போட இந்த ஜில்லாவுல ஆளு கிடையாது. பொறுப்ப அவுகளுக்கே குடுங்க."

மேடம் என்னை வெகுநேரம் பார்த்தார். தன்னைத் தானே அண்ணாச்சி என்று சொல்லிக்கொள்கிறார் என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த கட்டி தொட்டதும் உடைந்தது.

"செண்பகராஜனுக்குக் கணக்குன்னா என்னன்னே தெரியாது. வெறும் வாய். அவன்கிட்ட குடுத்தா பாலம் விழுந்துரும்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் இவ்வளவு அடக்கமான பொறியாளரைப் பார்த்ததில்லை என்றார். பாலத்தை அவனுக்குக் கொடுத்தார்.

செண்பகராஜன் என்னைப் பார்த்தான். தான் பேசியது எது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதையும் அவன் என்னைவிட நன்றாகச் செய்தான்.

தேறாதவர் இருபத்தெட்டு நாள் தொட்டியில் கிடக்க வேண்டும் என்பது விதி. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நின்றேன். அவனே பெயிண்ட் டப்பாவோடு வந்தான்.

"தண்ணி ரொம்பக் குளிரும் அண்ணாச்சி. மெதுவா இறங்குங்க."

என் சட்டையில் என் பெயரையும் தேதியையும் நிதானமாக எழுதினான். ஏழு வருடம் எல்லா வரைபடத்தின் மூலையிலும் நான் எழுதிய அதே பெயர்தான். குனிந்து பார்த்தேன். அவன் கையெழுத்தில் அது அழகாக இருந்தது.