ஓட்டை போட்ட அரை டாலர்

வங்கியில் வாங்கிய அரை டாலர் காசுச் சுருளைக் காரிலேயே பிரித்துவிட்டார் வெர்னன். விளிம்பில் செம்புக்கோடு தெரிந்தால் குப்பை, தெரியாவிட்டால் பழைய வெள்ளிக் காசு. ஒன்றில் தெரியவில்லை. ஆசையாய்த் திருப்பினால், மேலே கோணலாய் ஓர் ஓட்டை. மனைவி லோர்னாவின் சங்கிலிக்காக அவரே துளைத்தது. போன மாதம் சவப்பெட்டியில் கிடந்தவளின் கைக்குள் வைத்து, விரல்களை மடக்கிவிட்ட காசு.

திரும்ப உள்ளே போனார்.

“இந்தச் சுருளு யார் கொண்டுவந்து கட்டினதும்மா?”

“நம்ம டுவைட்தான், அடக்கம் பண்றவரு. சில்லறையெல்லாம் இங்கதான் கொட்டுவாரு. ஏன் சார், வெள்ளி சிக்கிருச்சா?” காசாளர் பெண் சிரித்தாள்.

“சிக்கிருச்சு.”

சவப்பெட்டியை மூடியவரும் டுவைட்தான். லோர்னாவின் அந்தக் கையில் கல்யாண மோதிரமும் இருந்தது.