சேலைக்குப் பின்னால் ரஃபியா

பேகம்பூர் மதரஸா ஆண்டு விழாவில் ரஃபியா பேசினால் பந்தி பரிமாறுகிறவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். ஆனால் அவள் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து, எதிரே தொங்கும் பச்சைத் திரையைப் பார்த்துத்தான் பேசுவாள். சுற்றிலும் பெரியம்மாவும் சாச்சிகளும் மட்டுமே இருப்பார்கள். குரல் மட்டும் ஸ்பீக்கர் வழியாக வெளியே போகும். திரைக்கு அப்பால் இருக்கும் கூட்டத்தை அவள் மனதுக்குள் வரைந்து வைத்திருந்தாள்: எல்லோரும் மிக உயரமானவர்கள், யாரும் கண்ணைச் சிமிட்டுவதில்லை.

இப்போது அந்த உயரமானவர்கள் திண்டுக்கல் கைத்தறிக் கண்காட்சியில் நேரில் உட்கார்ந்திருந்தார்கள்.

ரஃபியாவும் சின்னாளபட்டி அம்பிகாவும் கல்லூரித் தோழிகள். அம்பிகா வீட்டில் செய்யும் சுங்குடிச் சேலைகளை விற்க இருவரும் சேர்ந்து கடை போட்டிருந்தார்கள். கிடைத்தது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கடைசி இடம். காலையிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. வாசலருகே ஒரு கடை காலியாக இருந்தது. மேடையில் பேசி யார் கூட்டம் சேர்க்கிறார்களோ அவர்களுக்கு அந்தக் கடை என்று மைக் பொறுப்பிலிருந்த கிளெமென்ட் அறிவித்திருந்தார்.

"நீயே பேசுடி. ஒங்க வீட்டுச் சீலதானே," என்றாள் ரஃபியா.

"நான் பேசுனா இருக்குற நாலு பேரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. அம்புட்டுக் கொரல வச்சுக்கிட்டு என்ன, ஊறுகாயா போடப் போற?"

"மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது அம்பிகா."

அம்பிகா மேடையில் துணி காட்டக் கட்டியிருந்த கயிற்றில் ஓர் அரக்குச் சேலையை விரித்து கிளிப் போட்டாள். "இந்தா, ஒன் திரை. போ."

ரஃபியா சேலைக்குப் பின்னால் நின்று மைக்கை வாங்கினாள். வெயில் பட்டு வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் குட்டி ஜன்னலாக மின்னின. குரல் தானாக வந்தது.

"இந்தப் புள்ளியத் தொட்டுப் பாருங்க. லேசா மேடா இருக்கும். சாயத்துல முக்குறதுக்கு முன்னாடி ஒரு அக்கா நூலால முடிச்சுப் போட்ட இடம் அது. இஸ்திரி போட்டா அமுங்கிரும். அதனால வாங்குனதும் பெட்டியச் சூடு பண்ணிராதீங்க."

சிரிப்புச் சத்தம் கேட்டது. நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. வடமதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா மேடையேறி, சேலையைத் தடவிப் பார்த்தார்.

"இதக் குடும்மா."

"இதே கலர்ல கடையில இருக்கும்மா," என்றாள் அம்பிகா அவசரமாக.

"கலரு இருக்கும். இதே மேடு இருக்குமா? எனக்கு இதுதான் வேணும்."

"இது விக்கிறதுக்கு இல்லம்மா."

ரஃபியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வந்த முதல் ஆள், அவள் பேச்சைக் கேட்டு வந்தவர், இதோ வெறுங்கையோடு திரும்பப் போகிறார். அவள் கை மேலே போனது. ஒரு கிளிப். இன்னொரு கிளிப். சேலை மடிந்து அந்த அம்மாவின் கையில் விழுந்தது.

எதிரே உயரமானவர்கள் யாருமில்லை. ஒருவர் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். ஒருத்தி குழந்தையை ஏப்பம் விடவைக்க முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தாராளமாகக் கண்ணைச் சிமிட்டினார்கள். பஜ்ஜி தின்றவர் எழுந்து வந்து, மேடை ஓரத்தில் இருந்த இன்னொரு சேலைப் பக்கம் கையை நீட்டினார்.

"அண்ணே," என்றாள் ரஃபியா, அவர் முகத்தைப் பார்த்து. "கையத் தொடச்சுட்டு வாங்க. எண்ணெயில முக்குனா புள்ளி வராது."

கூட்டம் குலுங்கியது. வெளியே போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். ரஃபியா ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"பாப்பா, நேரம் முடிஞ்சது," என்றார் கிளெமென்ட். "வாசல் கடைக்கு மூட்டையத் தூக்குங்க."

"செத்த பொறுங்கண்ணே," என்றாள் ரஃபியா மைக்கிலேயே. "இவரு இன்னும் கையத் தொடைக்கல."