இரவல் துணி

அண்ணன் படம் எடுக்கப்போகிறான் என்றதும் தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அதுவும் சாதாரணப் படமில்லை, சுற்றுச்சூழலுக்குக் கேடு வராமல் எடுக்கும் படம். ஜெனரேட்டர் கிடையாது, வெயில்தான் விளக்கு. பழைய முகம்பார்க்கும் கண்ணாடிகளைச் சாய்த்து வெளிச்சத்தை அறைக்குள் திருப்பினார்கள். கேமரா சைக்கிளில் வந்தது. சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டுத் தட்டு. புதிதாக ஒரு பொருள்கூட வாங்கக் கூடாது என்பதில் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான்.

"துணிமணி எல்லாம் உன் பொறுப்பு, சின்னு" என்றான்.

தெருவுக்கே தைத்துக் கொடுப்பவள் அவள். வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டபோது இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாடிவீட்டு அக்கா மட்டும் கொஞ்சம் தயங்கினாள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் போன வருடம்தான் தவறிப்போனார். அவருடைய சீருடைக் கோட்டைத்தான் தையல்காரி கேட்டிருந்தாள்.

"திரும்ப வந்துடும்ல?"

"நான் இருக்கேன்லக்கா. போன மாதிரியே வரும்."

எதிலும் அவள் கத்தரி வைக்கவில்லை. நடிகர்களின் அளவுக்கு உள்ளே மடித்து நூலோட்டம் மட்டும் போட்டாள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து, துவைத்து, தேய்த்து அடுக்கினாள். கொடுக்கக் கிளம்பியவளை அண்ணன் நிறுத்தினான்.

"கொஞ்ச நாள் இருக்கட்டும். போட்டோ எடுக்கணும்." மூட்டையை அவனே தூக்கிக்கொண்டு போனான்.

திரையிடலுக்குத் தெருவே திரண்டு வந்திருந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. கோட்டு திரையில் வந்தபோது மாடிவீட்டு அக்கா பக்கத்திலிருந்த தையல்காரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்து அண்ணன் மேடையேறினான். சுற்றுச்சூழல் அமைப்பிலிருந்து வந்திருந்த அம்மையார், உடைகளெல்லாம் எங்கே கிடைத்தன என்று கேட்டார்.

"எல்லாம் குப்பைத்தொட்டியில கிடந்ததுங்க. வேண்டாம்னு ஜனங்க தூக்கிப்போட்டது. நாங்க பொறுக்கி எடுத்து உயிர் கொடுத்தோம்."

கைத்தட்டல் காதைப் பிளந்தது. அக்கா கையை உருவிக்கொண்டாள்.

பேச்சு வேகத்தில் உளறிவிட்டான் என்றுதான் தையல்காரி முதலில் நினைத்தாள். வெளியே வந்து பார்த்தால், கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி அத்தனை துணிகளையும் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே அழகான எழுத்தில் ஒரு பலகை: 'குப்பையில் கிடைத்தவை'.

அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தான். "கோச்சுக்காத சின்னு. இரவல் வாங்கினோம்னு சொன்னா எவன் எழுதுவான்? குப்பைன்னாத்தான் எடுபடும்."

"இவங்க முகத்துல நான் எப்படிண்ணா முழிப்பேன்?"

"ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"அந்தக் கோட்டு யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா? அவர் ஓட்டின பஸ்லதானே நீ காலேஜ் போன?"

அவன் வாசலைப் பார்த்தான். "பத்திரிகைக்காரங்க வர்ற நேரம். அப்புறம் பேசலாமே."

அதற்குள் மாடிவீட்டு அக்கா கயிற்றிலிருந்து கோட்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்காதீங்க, படம் பிடிக்கணும்" என்று அண்ணன் பதறினான். அக்கா அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. நேராகத் தையல்காரியிடம் வந்தாள்.

"அவன் என்ன வேணா பேசட்டும். நான் உன்ன நம்பித்தானே கொடுத்தேன்?"

தையல்காரி கயிற்றில் தொங்கிய மற்ற துணிகளைப் பார்த்தாள். எனக்கும் தெரியாதுக்கா என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒவ்வொருவராக வந்து தங்கள் துணியை எடுத்துக்கொண்டு, அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். கடைசியில் வெறும் கயிறும் பலகையும்தான் மிச்சம்.

படம் ஊர் ஊராகப் போனது. அண்ணனும் கூடவே போனான். அவன் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

கொஞ்ச காலம் மெஷினுக்கு வேலையே இல்லை. பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒருநாள் மாடிவீட்டு அக்காவும் ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்க வந்தாள்.

"வச்சிட்டுப் போங்கக்கா. சாயங்காலம் நானே கொண்டுவந்து தரேன்."

"பரவாயில்ல, இருந்தே வாங்கிட்டுப் போறேன்" என்று அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்தாள்.