பேர் சொல்லி ஒரு ஜெபம்

தொம்மலூரில் சலோமி அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு உமேஷ் நாலு பேரோடு புகுந்து மைக் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போனான். போலீஸுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன்.

"சத்துருவுக்காக ஜெபிக்கணும்," என்றாள் அக்கா.

அங்கேயே ஜெபித்தாள். மைக் இல்லாமலே அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். "ஆண்டவரே, உமேஷோட மூல வியாதியைத் தொட்டு சுகமாக்கும். உட்கார முடியாம தவிக்கிறான்."

உமேஷின் மனைவி சுனிதா ரகசியமாகச் சொன்ன விஷயம் அது. அக்காவிடம் எதைச் சொன்னாலும் ஜெபக்குறிப்பாகிவிடும். எல்லாரையும் விட உரக்க ஆமென் சொன்னது நான்தான்.

மறுநாள் காலை உமேஷ் ஒயரோடு வந்து நின்றான். "மைக்கு போட்டுக்கங்க அக்கா. என் பேரு மட்டும் வேணாம். தெருவே சிரிக்குது."

எனக்குப் பரம திருப்தி. அக்கா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அடுத்த வெள்ளி அக்கா மைக்கைப் பிடித்தாள். "ஆண்டவரே, வலியில இருக்கிற ஒரு சகோதரனைச் சுகமாக்கும்."

வாசலில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தால் உமேஷ்.

"பேரையும் சொல்லிடுங்க அக்கா," என்றான். "தொம்மலூர்ல எத்தனை பேருக்கு வலி இருக்கோ. சுகம் மாறி வேற யாருக்காவது போயிடப் போகுது."